தோழமையின் துயரத்தை எழுதிய ஜான் ஸ்டைன்பெக்

உலகிலேயே செல்வம் மிகுந்த நாடு எது என்று கேட்டால், அமெரிக்கா என்று சிறு பிள்ளையும் விடை கூறிவிடும். ஆனால் அந்நாட்டிலும் இலட்சக்கணக்கான மக்கள் ஒரு வேளை உணவுக்காக ஊர் ஊராக அலைந்த காலம் ஒன்று இருந்தது. பழங்கள் மரத்திலேயே அழுகிக்கொண்டிருக்க, அம்மரத்தின் நிழலில் குழந்தைகள் பசியால் மடிந்த காலம் அது. அந்தக் கொடுமையைக் கண்டு வாளாவிருக்க இயலாமல் எழுதுகோலை ஏந்தியவர் ஜான் ஸ்டைன்பெக். வறுமையை எழுதியவர்கள் பலர் உண்டு. வறுமையில் நட்பு என்ன பாடுபடுகிறது என்பதை இவரைப்போல் எழுதியவர் மிகச் சிலரே. அவருடைய வாழ்வையும், அவர் படைத்த இரு தோழர்களின் கதையையும் நாம் இங்குக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கலிபோர்னியா மாநிலத்தில் சாலினாஸ் என்னும் சிற்றூரில் 1902ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள் ஸ்டைன்பெக் பிறந்தார். பெற்றோருக்கு நான்கு மக்கள். அவர்களுள் இவர் ஒருவரே ஆண்மகன். தந்தையார் மாவு ஆலை ஒன்றின் மேலாளராய் இருந்தவர். அவ்வேலை போனபின் கடை வைத்து நட்டமடைந்து, பின்னர் மான்டரே மாவட்டத்தின் பொருளாளராகப் பணியாற்றினார். தாயார் ஆலிவ் மணத்திற்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நூல்களின்மேல் பற்றை மகனின் நெஞ்சில் முதலில் விதைத்தவர் அவரே.

சிறுவனாய் இருந்தபோது ஆர்தர் மன்னனையும் அவனுடைய வீரர்களையும் பற்றி மாலரி எழுதிய பழைய நூல் இவருக்குப் பரிசாகக் கிடைத்தது. அதுவரை எழுத்தைக் கண்டாலே முகம் சுளித்த சிறுவன், அந்நூலைக் கையிலிருந்து கீழே வைக்க மறுத்தான். தங்கை மேரியும் அவனும் அந்த வீரர்களாகவே தம்மை எண்ணி விளையாடினர். எளியோரைக் காப்பதும், கொடுத்த வாக்கைக் காப்பதும், தோழனைக் கைவிடாதிருப்பதும் வீரனின் கடமைகள் என்பது அந்த இளமையிலேயே அவர் உள்ளத்தில் பதிந்துவிட்டது.

1919ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் விட்டுவிட்டுப் படித்தும் பட்டம் பெறாமலே 1925இல் வெளியேறினார். எனினும் அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. இடையிடையே சாலினாஸ் பள்ளத்தாக்கின் சர்க்கரைக் கிழங்குப் பண்ணைகளில் கூலி வேலை செய்தார். கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பண்ணை பண்ணையாகச் செல்லும் நாடோடித் தொழிலாளரோடு உண்டார்; உறங்கினார்; அவர்கள் பேச்சைக் கேட்டார். பல்கலைக்கழகம் தராத படிப்பை அந்தத் தொழிலாளர் கொட்டகைகள் அவருக்குத் தந்தன எனலாம்.

துன்பமும் துணையும்

எழுத்தாளராக வேண்டும் என்ற ஆவலுடன் 1925இல் சரக்குக் கப்பல் ஏறி நியூயார்க் சென்றார். அங்கே மாடிசன் சதுக்க அரங்கம் கட்டும் பணியில் சிமென்டு சுமந்தார். பின் செய்தியாளர் வேலை கிடைத்தது, அதுவும் நிலைக்கவில்லை. கைப்பொருள் இன்றி ஊர் திரும்பினார். டாஹோ ஏரிக்கரையில் ஒரு மாளிகைக்குக் காவலாளாக இருந்து, பனி மூடிய குளிர்காலத் தனிமையில் எழுதிப் பழகினார். முதல் நாவல் 1929இல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. வங்கிகள் மூடப்பட்டன, ஆலைகள் நின்றன. 1933இல் உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தனர். அப்படிப்பட்ட வேளையில் புதிய எழுத்தாளரின் நாவலை யார் வாங்குவர்?

1930 சனவரியில் கேரல் என்னும் மங்கையை மணந்தார். பசிபிக் குரோவில் தந்தையாருக்கு இருந்த சிறு வீட்டில் இருவரும் குடியேறினர். மாதந்தோறும் தந்தையார் அனுப்பிய 25 டாலரும், கடலில் பிடித்த மீனும், தோட்டத்துக் காய்கறியுமே அவர்களுக்கு வாழ்வளித்தன. கேரல் கணவரின் கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்தார், பிழை திருத்தினார், குறை கண்ட இடத்தில் அஞ்சாமல் எடுத்துரைத்தார்.

அந்த ஆண்டிலேதான் எட் ரிக்கெட்ஸ் என்பவரின் நட்பும் கிடைத்தது. மான்டரே கடற்கரையில், மத்தி மீன்களை டப்பாவில் அடைக்கும் ஆலைகளின் நடுவே ஒரு சிறிய ஆய்வுக்கூடம் வைத்துக் கடல் உயிர்களை ஆராய்ந்துவந்தவர் அவர். எந்த உயிரையும் தனித்துப் பார்க்கலாகாது, அது வாழும் சூழலோடும் பிற உயிர்களோடும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை. நீரில் வாழும் உயிர்களுக்கு அவர் சொன்னதை, ஸ்டைன்பெக் நிலத்தில் வாழும் மனிதருக்குப் பொருத்திப் பார்த்தார். நட்பைப் பற்றி ஸ்டைன்பெக் எழுதியது ஏட்டறிவால் மட்டும் அன்று. 18 ஆண்டுகள் நீடித்த இத்தோழமையை அவர் வாழ்ந்து அறிந்தவர்.

இதற்கிடையே வீட்டில் துயரம் சூழ்ந்தது. தாயார் வாத நோயால் படுத்தார். நோயாளியின் பக்கத்து அறையில் அமர்ந்து, அவர் அழைக்கும்போதெல்லாம் எழுந்து சென்று பணிவிடை செய்துகொண்டே மகன் எழுதினார். 1934இல் தாயார் மறைந்தார். அடுத்த ஆண்டு தந்தையாரும் மறைந்தார். 1935இல் வெளிவந்த ‘டார்ட்டில்லா ஃப்ளாட்’ என்னும் நாவல்தான் அவருக்கு முதன்முதலாகப் புகழும் பொருளும் தந்தது. அந்த வெற்றியைக் காணப் பெற்றோர் இல்லை.

இரு தோழர்களின் கதை

1937 பிப்ரவரியில் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ என்ற சிறு நாவல் வெளிவந்தது. எலிகளும் மனிதரும் என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஏரோட்டும்போது எலியின் வளை சிதைந்ததைக் கண்டு மனம் வருந்தி, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் பாடிய பாட்டிலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது. இந்நூல் பிறந்ததிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டைன்பெக்கின் நாய்க்குட்டி டோபி, கையெழுத்துப் படியில் ஏறத்தாழ பாதியைக் கடித்துக் குதறிவிட்டது. இரண்டு மாத உழைப்பு பாழாயிற்று! அவரோ நாயைப் பெரிதாகத் தண்டிக்காமல் மீண்டும் எழுத அமர்ந்தார்.

கதை வியாழன் மாலை தொடங்கி ஞாயிறு மாலை முடிந்துவிடுகிறது. நடக்கும் இடம் சோலடாட் என்ற ஊரின் அருகே. 1791இல் பிரான்சிஸ்கன் துறவியர் அங்கே தனிமையின் அன்னைக்கு ஓர் ஆலயம் எழுப்பினர். ஊரின் பெயர் அதிலிருந்து வந்தது. சோலடாட் என்றால் ஸ்பானிய மொழியில் தனிமை. இந்நூலில் வருவோர் ஏறக்குறைய அனைவரும் தனியர்களே.

ஜார்ஜ் சிறிய உருவம், கூர்மையான அறிவு. லென்னி மலைபோன்ற உடல். மனமோ குழந்தையின் மனம். மென்மையான பொருள் எதைக் கண்டாலும் தடவிப் பார்க்க ஆசைப்படுவான். தன் கையின் வலிமை தனக்கே தெரியாததால் தடவிய எலியும் நாய்க்குட்டியும் இறந்துவிடும். உறவினர் எவரும் இல்லாத அவனை ஜார்ஜ் உடன் அழைத்துக்கொண்டு திரிகிறான். அவன் இல்லாவிட்டால் தன் வாழ்வு எளிதாயிருக்கும் என்று சில வேளை சலித்துக்கொள்கிறான். ஆயினும் விட்டுப் பிரிவதில்லை. குறையில்லாதவரை நேசிப்பது எளிது. சுமையாய் இருப்பவரைச் சலிப்போடேனும் சுமந்து செல்வதல்லவா நட்பு!

இவர்கள் வேலை கேட்டுச் சென்ற பண்ணையில் முதலாளிக்கு ஓர் ஐயம் எழுகிறது. லென்னிக்காக ஜார்ஜே பேசுகிறானே, அவன் கூலியை இவன் பறித்துக்கொள்கிறானோ என்று கேட்கிறார். ஒருவன் மற்றொருவனிடம் அன்பாயிருப்பதே குற்றமாகத் தோன்றும் அளவுக்கு அக்காலம் கெட்டிருந்தது. வறுமையின் கொடுமையைக் காட்டப் பட்டினிக் காட்சி ஒன்றை ஆசிரியர் எழுதவில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்கவைத்தார். வேலைக்கு ஆட்கள் பெருகி, இடமோ சுருங்கிவிட்ட ஊரில் பக்கத்தில் நிற்பவன் தோழனாகத் தோன்றமாட்டான்; போட்டியாளனாகவே தோன்றுவான். தொழிலாளர் தனித்தனியே அலைந்ததன் காரணம் அதுவே.

மாதம் 50 டாலர் கூலி. பெரும்பாலோர் அதை ஒரு சனிக்கிழமை இரவிலேயே தொலைத்துவிடுவர். சேர்த்துவைக்க அவர்களுக்கு வீடும் இல்லை, காத்திருப்போரும் இல்லை. ஜார்ஜுக்கும் லென்னிக்கும் மட்டும் ஒரு கனவு உண்டு. சிறிது நிலம், ஒரு பசு, லென்னி தீனி போட்டு வளர்ப்பதற்கு முயல்கள். இரவுதோறும் அதை ஜார்ஜ் சொல்ல, லென்னி கேட்பான். மனப்பாடமான கதையை மீண்டும் மீண்டும் கேட்கும் குழந்தைபோல மகிழ்வான்.

அந்தக் கனவில் பங்கு கேட்டு மற்றவர்களும் வருகின்றனர். கேண்டி என்ற முதியவர் பண்ணை வேலையில் ஒரு கையை இழந்தவர். அவருக்கு ஒரு கிழட்டு நாய் உண்டு. நாற்றமடிக்கிறது, பயனில்லை என்று சொல்லி அதைப் பிறர் சுட்டுக் கொன்றுவிடுகின்றனர். பயனற்ற நாய்க்கு நேர்ந்ததே பயனற்ற தமக்கும் நேரும் என்று முதியவர் நடுங்குகிறார். தம் சேமிப்பான 300 டாலரையும் தோழர்களிடம் தர முன்வருகிறார். விலை 600 டாலர், பாதி கிடைத்துவிட்டது! அந்த ஒரு கணம், படிக்கும் நமக்கும் அந்த நிலம் கைக்கு எட்டிவிட்டதாகவே தோன்றுகிறது.

குருக்ஸ் என்பவன் கறுப்பினத் தொழிலாளி. முதுகு கோணியவன். வெள்ளையர் படுக்கும் கொட்டகையில் அவனுக்கு இடமில்லை. குதிரைச் சேணங்கள் மாட்டும் அறையில் புத்தகங்களோடு தனித்துக் கிடக்கிறான். லென்னி அங்கே நுழையும்போது முதலில் சீறுகிறான். பிறகு பேச ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் இளகுகிறான். தானும் அந்த நிலத்தில் வேலை செய்ய வரலாமா என்று கேட்டுவிடுகிறான். முதலாளியின் மருமகள் வந்து அவனை மிரட்டியதும் அந்த ஆசையைத் தானே விழுங்கிவிடுகிறான். ஒரே இரவில் மலர்ந்து ஒரே இரவில் கருகிய நம்பிக்கை அது.

அந்த மருமகளைப் பற்றியும் நாம் சிந்திக்கவேண்டும். பண்ணையில் இருக்கும் ஒரே பெண் அவள். நூல் முழுவதும் அவளுக்குப் பெயரே இல்லை. கர்லியின் மனைவி என்றே வருகிறாள். மற்றவர்கள் அவளைத் தீயவள் என்று ஒதுக்குகின்றனர். அவளோ திரைப்படத்தில் நடிக்கும் கனவு சிதைந்து, அன்பில்லாத கணவனிடம் சிக்கி, பேசுவதற்கு ஓர் உயிர் தேடி அலைகிறாள். நூல் நாடகமானபோது அப்பாத்திரத்தில் நடித்த நடிகைக்கு ஸ்டைன்பெக் தாமே ஒரு கடிதம் எழுதி, அவள் கெட்டவள் அல்லள், அன்புக்கு ஏங்கியவள் என்று விளக்கினார். பெயரில்லாத அப்பெண்ணின் தனிமையைப் புரிந்துகொள்ளப் பண்ணையில் ஒருவரும் இல்லை; அவளுக்கென்று ஒரு தோழி இருந்திருந்தால் கதையே மாறியிருக்கும் அன்றோ?

முடிவு நாம் அறிந்ததே. அவளுடைய மென்மையான கூந்தலை லென்னி தடவுகிறான். அவள் அஞ்சிக் கத்த, அவனும் அஞ்சி, அறியாமல் அவள் உயிரைப் போக்கிவிடுகிறான். துப்பாக்கிகளோடு கூட்டம் அவனைத் துரத்துகிறது. கதை தொடங்கிய அதே ஆற்றங்கரையில் ஜார்ஜ் அவனைக் காண்கிறான். நிலத்தையும் முயல்களையும் பற்றிய அந்தக் கதையை இறுதி முறையாகச் சொல்லி, அவன் மகிழ்ந்திருக்கும் வேளையில் தானே சுட்டுவிடுகிறான்.

இது சரியா? உயிரை எடுக்கும் உரிமை மனிதனுக்கு இல்லை என்பது நம் விசுவாசம் கற்பிக்கும் பாடம். அந்தப் பாடத்தை ஜார்ஜுக்காக நாம் மாற்றிக்கொள்ள இயலாது. ஆனால் இங்கே ஆசிரியர் நம்மை நீதிபதியாக அமரச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சிறையில் விலங்கிட்டு அடைப்பதையும் கும்பலின் கையில் சாவதையும் தவிர, அறிவு வளராத ஓர் ஏழைக்கு அந்த நாட்டில் வேறு கதவு ஏன் திறந்திருக்கவில்லை என்றே அவர் கேட்கிறார். லென்னியைக் காக்க ஒரு மனிதன் இருந்தான். ஓர் இல்லம் இல்லை, ஒரு சட்டம் இல்லை, ஒரு சமுதாயம் இல்லை. தனி ஒருவனின் அன்பு எவ்வளவு பெரிதாயினும், ஊரே கைவிட்டவரை அது மட்டும் காப்பாற்றிவிடாது. ஜார்ஜின் செயலை ஏற்காமலே அவனுக்காகக் கண்ணீர் விட நம்மால் முடிகிறது. அதுவே இந்நூலின் ஆற்றல்.

நாடகம் 1937 நவம்பரில் நியூயார்க்கில் அரங்கேறி, அந்நகர நாடக விமர்சகர் குழுவின் பரிசைப் பெற்றது. ஸ்டைன்பெக் அந்த அரங்கேற்றத்தை ஒருநாளும் சென்று பார்க்கவில்லை. அவர் மனம் அப்போது வேறு இடத்தில் இருந்தது.

கோபத்தின் கனிகள்

ஓக்லஹோமா, டெக்சாஸ் முதலிய மாநிலங்களில் மழை பொய்த்து, உழுது தளர்ந்த மண் புழுதிப் புயலாய்ப் பறந்தது. கடனில் நிலத்தை இழந்த உழவர் குடும்பங்கள் பழைய மோட்டார் வண்டிகளில் சட்டிபானைகளை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டன. அதற்கு முன் சீனர், ஜப்பானியர், மெக்சிகர், பிலிப்பினோக்கள் என்று ஒருவர்பின் ஒருவராய் அப்பண்ணைகளில் வருந்தி உழைத்திருந்தனர். இப்போது அந்நாட்டு வெள்ளை உழவரே அந்நிலைக்கு வந்தனர்.

1936இல் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றின் வேண்டுகோளின்படி ஸ்டைன்பெக் அவர்கள் தங்கிய இடங்களை நேரில் கண்டு ஏழு கட்டுரைகள் எழுதினார். அட்டையாலும் கந்தலாலும் ஆன குடிசைகள், குடிக்கும் நீரிலேயே கலந்த அழுக்கு, உணவின்றி இறந்த குழந்தைகள் ஆகியவற்றைக் கண்டார். ஆர்வின் என்னும் இடத்தில் அரசாங்க முகாமை நடத்திய டாம் காலின்ஸ் அவருக்கு வழிகாட்டியும் நண்பரும் ஆனார். அந்த முகாமில் தூய நீரும் கழிப்பிடமும் இருந்தன. மக்கள் தாங்களே குழுக்கள் அமைத்து நிர்வகித்தனர். மரியாதை கிடைத்த இடத்தில் அதே ஏழைகள் எவ்வளவு நிமிர்ந்து நடக்கின்றனர் என்பதை அங்கே கண்டார். 1938 தொடக்கத்தில் விசாலியா பகுதியில் வெள்ளம் சூழ்ந்து குடும்பங்கள் பட்டினியால் வாடியபோது, இருவரும் சேற்றில் இறங்கி உதவினர்.

அந்த அனுபவமே ‘கோபத்தின் கனிகள்’ என்ற பெருநாவலாயிற்று. 1938 மே இறுதியில் தொடங்கி அக்டோபரில், ஏறத்தாழ 100 நாட்களில் அதை எழுதி முடித்தார். பெயர் சூட்டியவர் கேரல். நூல் கேரலுக்கும் டாமுக்குமே காணிக்கையாக்கப்பட்டது. 1939 ஏப்ரலில் வெளிவந்த இந்நூல், ஜோட் என்னும் குடும்பம் ஊரைவிட்டு வந்து படும் பாட்டைச் சொல்கிறது. இஸ்ரயேல் மக்களின் பாலைநிலப் பயணத்தை நினைவூட்டும் கதை அது. முந்திய நூலில் இருவராய் இருந்த தோழமை, இதில் ஒரு குடும்பமாய் வளர்ந்து, பின் குடும்பத்தையும் கடந்து விரிகிறது. தன் பிள்ளைகளுக்கே போதாத உணவைப் பிறர் பிள்ளைகளும் சுற்றிநின்று பார்க்கும்போது, தாய் ஜோட் படும் தவிப்பைப் படிப்போர் எவரும் மறவார்.

நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. பண்ணை முதலாளிகளின் சங்கம் அதைப் பொய் என்றது. கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் 1939 ஆகஸ்டில் நூலகங்களிலிருந்து அதை விலக்கினர். படிகளைத் தீயிட்டும் கொளுத்தினர். ஆனால் 1940இல் குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் அம்முகாம்களை நேரில் பார்வையிட்டு, நூலில் மிகை இல்லை என்று உறுதி கூறினார். அதே ஆண்டு புலிட்சர் பரிசும் கிடைத்தது.

பிற்கால வாழ்வு

புகழ் வந்தபின் அமைதி குறைந்தது. வறுமையில் தோள்கொடுத்த கேரலும் அவரும் 1943இல் பிரிந்தனர். இரண்டாம் மணத்தில் இரு மைந்தர் பிறந்தனர். அம்மணமும் 1948இல் முறிந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் எட் ரிக்கெட்ஸின் மோட்டார் வண்டிமீது ரயில் மோதி, அவர் சில நாட்களில் இறந்தார். இரு இடிகளும் ஒருசேர விழ, ஸ்டைன்பெக் நிலைகுலைந்துபோனார். பின்னர் நண்பரைப் பற்றி நீண்ட நினைவுக் கட்டுரை ஒன்று எழுதி 1951இல் வெளியிட்டார். நண்பரைத் தெய்வமாக்காமல், அவர் குறைகளையும் மறைக்காமல், உள்ளவாறே அன்புடன் வரைந்த சித்திரம் அது. 1950 இறுதியில் எலேன் என்பவரை மணந்தபின் அவர் வாழ்வு அமைதியுற்றது. காயின், ஆபேல் வரலாற்றை அடியொற்றிய ‘ஏதேனுக்குக் கிழக்கே’ 1952இல் வெளிவந்தது. சகோதரனுக்குச் சகோதரன் பொறுப்பாளியா என்ற பழைய கேள்வி, ஜார்ஜையும் லென்னியையும் படைத்தபோதே அவர் நெஞ்சில் இருந்ததன்றோ!

1962இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குத் தாம் தகுதியுடையவரா என்று செய்தியாளர் கேட்டபோது, இல்லை என்றே அவர் விடையளித்தார். வியட்நாம் போரின்போது அங்குச் சென்று தம் நாட்டுப் படைகளை ஆதரித்து எழுதியதால் பழைய அன்பர் பலர் வருந்தினர். 1968 டிசம்பர் 20ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார். அவருடைய சாம்பல் சாலினாஸ் மண்ணில் புதைக்கப்பட்டது. வாழ்ந்த நாளில் அவரைத் தூற்றிய அவ்வூர், பின்னாளில் தன் பொது நூலகத்துக்கு அவர் பெயரையே சூட்டியது.

சிறுவயதில் மனம் பறிகொடுத்த ஆர்தர் மன்னனின் கதையை இக்கால மொழியில் எழுதிவிட வேண்டும் என்று முதுமையில் அவர் முயன்றார். 1959இல் இங்கிலாந்து சென்று தங்கியும் அதை முடிக்க இயலவில்லை. முற்றுப்பெறாத அந்நூல் 1976இல், அவர் மறைந்த எட்டாம் ஆண்டில் வெளியாயிற்று.

ஸ்டைன்பெக்கின் வாழ்வில் தவறுகள் உண்டு. அவர் நூல்களில் நாம் ஏற்க இயலாத இடங்களும் உண்டு. ஆயினும் யாரும் திரும்பிப் பாராத மனிதரின் அருகில் அமர்ந்து, அவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டவர் அவர். நம் வகுப்பிலும் ஒரு கேண்டி, ஒரு குருக்ஸ், பெயர்கூட நமக்குச் சரியாகத் தெரியாத ஒரு பெண் இருக்கக்கூடும். நண்பகலில் மரத்தடியில் தனியே உணவுப் பாத்திரத்தைத் திறக்கும் அவளருகே சென்று அமர்வதற்குப் பொருள் தேவையில்லை, புலமையும் தேவையில்லை. அந்தச் சிறு செயலை இந்த ஆண்டிலேயே நாம் தொடங்குவோமாக.